உப்புத் தண்ணீரில் பொன் தேடுவது

அத்தையின் தாலிச் சங்கிலி தெலுக் கெமாங் கடலில் விழுந்தபோது நான் கரையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். 2014-ஆம் ஆண்டு, டிசம்பர் பள்ளி விடுமுறை. அத்தை இடுப்பளவு தண்ணீரில் பேரப்பிள்ளைகளோடு நின்றிருந்தார். ஓர் அலை ஆளைப் புரட்டிப் போட்டது. எழுந்து முகத்தைத் துடைத்தவர், அடுத்த கணம் கழுத்தைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றார். சத்தம் போடவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

எட்டுப் பவுன். அதைவிட முக்கியம், அது மாமா தோட்டத்தில் ஓவர்டைம் செய்து சேர்த்த காசில் செய்த சங்கிலி. மாலை வரை பத்துப் பேர் காலால் மணலைத் துழாவினோம். மறுநாள் சிரம்பானிலிருந்த நண்பரிடம் மெட்டல் டிடெக்டர் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அவருடைய ரப்பர் தோட்டத்து மண்ணில் பழைய காசு, குதிரை லாடம் எல்லாம் எடுத்துக் கொடுத்த கருவி. காய்ந்த மணலில் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஈரமணலில் கால் வைத்ததும் கத்த ஆரம்பித்தது. தண்ணீருக்குள் இறக்கினால் நிற்காத ஓலம்.

"என்னடா இது, பேய் புடிச்ச மாதிரி கத்துது?" என்றார் மாமா.

நான் கையேட்டைப் புரட்டினேன். வேண்டாத உலோகங்களை ஒதுக்க ஒரு பொத்தான் இருந்தது. திரையில் சின்ன எண்களாக வரும் எல்லாவற்றையும் ஒதுக்கினேன். கருவி அடங்கிவிட்டது. "இப்ப சரியாயிடுச்சு மாமா" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு நாளில் எங்களுக்குக் கிடைத்தவை: பாட்டில் மூடிகள், துருப்பிடித்த ஆணிகள், ஒரு ஈயக்குண்டு, 1940-ஆம் ஆண்டின் சதுர வடிவ மலாயா ஒரு காசு. பச்சை பூத்திருந்தாலும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை தெரிந்தது. சங்கிலி கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விதான் என்னை இந்தக் கருவியின் வரலாற்றுக்குள் இழுத்தது. தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, இந்த வரலாறே ஒரு தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறது என்று.

மெத்தைக்கு அடியில் இருந்த கம்பி

1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட், வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம். மருத்துவர்கள் கழுவாத விரல்களை விட்டுக் குண்டைத் தேடினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றிருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதைக் கேள்விப்பட்டு உதவ முன்வந்தார். தந்தி, தொலைபேசிக் கம்பிகளின் இரைச்சலைக் குறைப்பதற்காக அவர் முன்பே செய்து பார்த்த ஓர் ஏற்பாடு இருந்தது. இரண்டு கம்பிச் சுருள்களை ஒன்றின் விளைவை மற்றொன்று ரத்து செய்யும்படி வைத்தால் காதுக்குழலில் அமைதி. அருகில் ஓர் உலோகம் வந்தால் அந்தச் சமநிலை குலைந்து ஒலி எழும். இன்றைய மெட்டல் டிடெக்டரின் அடிப்படையும் இதேதான்.

பெல்லும் அவருடைய உதவியாளர் டெய்ன்டரும் வெள்ளை மாளிகையில் இரண்டு முறை அதிபரின் உடல்மீது கருவியை நகர்த்திப் பார்த்தார்கள். ஜூலை 26-ஆம் நாள் முதல் முயற்சி. கருவியின் இணைப்பில் ஏற்பட்ட தவறால் இரைச்சல் மட்டும் கேட்டது. ஆகஸ்ட் 1-ஆம் நாள் இரண்டாவது முயற்சி. இம்முறை ஓரிடம் என்றில்லாமல் பரந்த பகுதியெங்கும் மெல்லிய ஒலி. பிறகுதான் தெரியவந்தது, அதிபர் படுத்திருந்த குதிரைமுடி மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது. போதாக்குறைக்குத் தலைமை மருத்துவர் பிளிஸ், குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார். குண்டு இருந்தது இடப்பக்கம். செப்டம்பர் 19-ஆம் நாள் கார்ஃபீல்ட் இறந்தார்.

இதை வாசித்தபோது தெலுக் கெமாங்தான் நினைவுக்கு வந்தது. பெல்லின் கருவி பொய் சொல்லவில்லை. அடியில் உலோகம் இருக்கிறது என்றுதான் சொன்னது. எங்கள் கருவியும் அப்படித்தான். கடல் முழுவதுமே அதற்கு ஒரு கம்பி மெத்தை. எதைக் கேட்பது என்பதைவிட எதைக் கேட்காமல் விடுவது என்பதே இந்தக் கருவியைச் செய்தவர்கள் நூற்று நாற்பது ஆண்டுகளாகப் போராடி வந்த பிரச்சினை.

கடற்கரையில் புதைத்தவை

அடுத்த பெயர் கெர்ஹார்ட் ஃபிஷர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய வானொலிப் பொறியாளர். விமானங்களுக்குத் திசைகாட்டும் வானொலிக் கருவிகளைச் செய்துகொண்டிருந்தபோது, உலோகத் தாது உள்ள இடங்களுக்கு அருகில் அவை தவறான திசையைக் காட்டுவதைக் கவனித்தார். மற்றவர்களுக்குக் கோளாறாகத் தெரிந்தது அவருக்குக் கருவியாகத் தெரிந்தது. 1931-இல் கலிபோர்னியாவில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1937-இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டு மரப்பெட்டிகளைக் கம்பால் இணைத்த அந்தக் கருவியைக் குழாய் தேடுபவர்களும் தாது தேடுபவர்களும் வாங்கினார்கள்.

ஆனால் இந்தக் கருவியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது போர். 1940-இல் ஜெர்மானியர் தரையிறங்குவார்கள் என்ற அச்சத்தில் பிரிட்டன் தன் கடற்கரைகளிலேயே கண்ணிவெடி புதைத்தது. போலந்தை இழந்து வந்த போலந்துப் படையினர் அப்போது ஸ்காட்லாந்துக் கடலோரத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான பொறியாளர் லெப்டினன்ட் யூசெஃப் கொசாட்ஸ்கி, 1941-இல் ஒரு வீரர் தனியாகத் தூக்கி நடக்கக்கூடிய கண்ணிவெடி காணும் கருவியை வடிவமைத்தார். நீண்ட கம்பு, அதன் முனையில் வட்டத் தட்டு, முதுகில் மின்கலம், காதில் ஒலிக்குழல். எடை பதினான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1942-இல் எல் அலமைன் போரில் 500 கருவிகள் பயன்பட்டன. மணிக்கு நூறு சதுர மீட்டர் என்றிருந்த கண்ணிவெடி அகற்றும் வேகம் இருநூறாக ஆனது. கொசாட்ஸ்கி காப்புரிமை கேட்கவில்லை. கருவியைப் பிரிட்டன் படைக்கு இனாமாகக் கொடுத்தார். ஆறாம் ஜார்ஜ் மன்னர் நன்றிக் கடிதம் அனுப்பினார். நான் தெலுக் கெமாங்கில் எடுத்த காசில் இருந்த அதே தலை. குடும்பம் ஜெர்மானியர் பிடியிலிருந்த போலந்தில் இருந்ததால், போர் முடியும்வரை கண்டுபிடிப்பாளரின் பெயர் மறைத்து வைக்கப்பட்டது.

நம் கரையிலும் கண்ணிவெடி புதைத்தார்கள். 1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டியதும் ஜப்பானியர் கோத்தா பாருவில் சபாக், படாங் கடற்கரைகளில் தரையிறங்கினார்கள். பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே நம் கிளந்தானில் போர் தொடங்கிவிட்டது. முள்கம்பிக்கும் கண்ணிவெடிக்கும் பின்னால், சின்னச் சின்னக் காங்கிரீட் அரண்களில் நின்று எதிர்த்தவர்கள் இந்திய இராணுவத்தின் டோக்ரா படைப்பிரிவினர். இமயமலை அடிவாரத்திலிருந்து வந்தவர்கள். தம் நாட்டுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கரையில் அவர்களில் பலர் இறந்தார்கள். சபாக் கரையைக் கடல் இன்றும் அரித்துத் தின்றுகொண்டிருக்கிறது. 1945 செப்டம்பர் 9-ஆம் நாள், ஜப்பான் சரணடைந்த பிறகு, மோரிப் கடற்கரையில் நேசப்படைகள் இறங்கியபோது வாகனங்கள் சேற்றில் புதைந்து நின்றன. இறங்கிய படையில் பெரும்பகுதி மறுபடியும் இந்தியர்களே. ஞாயிற்றுக்கிழமை நாம் மீன் பொரித்துச் சாப்பிடப் போகும் கரைகளின் மணலுக்கு இப்படியும் ஒரு ஞாபகம் இருக்கிறது.

பதினைந்து டாலர் கருவி

போர் முடிந்ததும் மிச்சமான கண்ணிவெடிக் கருவிகள் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. ஃபுளோரிடாவில் கட்டட ஒப்பந்தக்காரராக இருந்த கிப் வாக்னர், செபாஸ்டியன் ஊருக்கு அருகில் கடற்கரையில் அவ்வப்போது பழைய ஸ்பானிய வெள்ளிக் காசுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எந்தக் காசிலும் 1715-க்குப் பிந்திய ஆண்டு இல்லை என்பதைக் கவனித்தார். அந்த ஆண்டு ஜூலை இறுதியில் புயலில் சிக்கிப் பதினொரு கப்பல்கள் அங்கே உடைந்திருந்தன. பதினைந்து டாலருக்கு வாங்கிய இராணுவக் கருவியை வைத்து, உயிர் தப்பியவர்கள் கரையில் முகாமிட்ட இடத்தை முதலில் கண்டுபிடித்தார். பிறகு கடலில் கப்பல்களையும். 1960-களில் அந்தச் செய்தி பரவியதும் கடற்கரையில் புதையல் தேடுவது அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்காகவே ஆனது. வால்வுகள் போய் டிரான்சிஸ்டர் வந்தது. கருவிகள் எடை குறைந்தன. 1964-இல் டெக்சாசில் சார்ல்ஸ் காரெட் தொடங்கிய நிறுவனம் இன்றுவரை இருக்கிறது.

1970-களில் வந்த பெரிய மாற்றம், உலோகத்தை வகை பிரிக்கும் திறன். ஆணி வேறு, காசு வேறு என்று கருவியே சொல்லும். புல்வெளியில் இது வரம். கடற்கரையில் இதுவே கண்ணி. எங்களுக்கு நடந்தது அதுதான்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தட்டிலுள்ள சுருள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே மின்சாரம் கடத்தும் பொருள் எது இருந்தாலும் அதில் சின்னச் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் எதிரொலியைத்தான் கருவி கேட்கிறது. தடித்த வெள்ளிக் காசின் எதிரொலி நிதானமாக அடங்கும். திரையில் பெரிய எண். மெல்லிய தங்க மோதிரம், அலுமினியத் தாள் ஆகியவற்றின் எதிரொலி சீக்கிரம் அடங்கிவிடும், சின்ன எண். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் கடல்நீரும் மின்சாரம் கடத்தும். தங்கத்தோடு ஒப்பிட்டால் மிக மிக மோசமாகத்தான் கடத்தும். ஆனால் சங்கிலி ஒரு பிடி, தண்ணீரோ தட்டைச் சுற்றி எங்கும். உப்பின் எதிரொலியும் மிகச் சீக்கிரம் அடங்குவது. திரையில் அதுவும் சின்ன எண்ணாகத்தான் வரும். மெல்லிய தங்கம் உட்கார்ந்திருக்கும் அதே மூலையில்.

ஆக, கருவி கத்துகிறதே என்று நான் சின்ன எண்களை ஒதுக்கியபோது, கடலோடு சேர்த்துத் தங்கத்தையும் ஒதுக்கிவிட்டேன். பாட்டில் மூடியும் வெண்கலக் காசும் கிடைத்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான். சங்கிலி இன்னும் பெரிய சிக்கல். கைக்கு எட்டுப் பவுனாகக் கனக்கும் சங்கிலி, கருவிக்குத் தனித்தனிக் கண்ணிகளாகத்தான் தெரியும். நடுவில் கோத்திருந்த தாலி, குண்டு, காசு இவையெல்லாம் ஒலித்திருக்கலாம். நான்தான் வாயை மூடிவிட்டேனே.

இரண்டு வழிகள்

இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் இரண்டு வழி கண்டார்கள்.

முதலாவது, துடிப்பு முறை. பல்ஸ் இண்டக்‌ஷன் என்பார்கள். 1960-களில் ஆக்ஸ்ஃபர்டின் தொல்லியல் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து வளர்ந்தது. எரிக் ஃபாஸ்டர் இதில் முக்கியமான பெயர். இடைவிடாமல் அலை அனுப்பாமல், ஒரு துடிப்பை அனுப்பி நிறுத்திவிடுவது. மைக்ரோ விநாடிக் கணக்கில் சற்றுப் பொறுத்த பிறகே காது கொடுப்பது. அதற்குள் உப்புத் தண்ணீரின் எதிரொலி செத்துவிடும். உலோகத்தின் எதிரொலி மட்டும் மிஞ்சியிருக்கும். மண்ணிலுள்ள இரும்புத் தாதும் இதை அதிகம் தொந்தரவு செய்யாது. லங்காவியின் பாசிர் ஈத்தாம் போன்ற கரிய மணற்கரைகளுக்கு ஏற்றது. ஆழமும் கூடுதல். குறை ஒன்றுதான், ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்லாது. ஒலிக்கும் இடத்திலெல்லாம் தோண்ட வேண்டும்.

இரண்டாவது, பல அலைவரிசை முறை. இரும்புத் தாது கலந்த மணலை ஒதுக்க ஓர் அமைப்பு, உப்பை ஒதுக்க வேறோர் அமைப்பு தேவை. ஒற்றை அலைவரிசைக் கருவியில் இதற்கு இருப்பது ஒரே திருகு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். இரண்டோ அதற்கு மேற்பட்டோ அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் கேட்டு, அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் உப்பையும் தாதையும் சேர்த்தே கழிக்கலாம். 1985-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் தொடங்கிய மைன்லேப் நிறுவனம், புரூஸ் கேண்டி என்ற ஆய்வாளரின் வடிவமைப்பில் 1991-இல் சாவரின் என்ற கருவியைக் கொண்டு வந்தது. அதே தொழில்நுட்பத்தைத் தண்ணீருக்குள் இறக்கும் எக்ஸ்காலிபர், முக்குளித்துத் தேடுபவர்களின் கையில் பல ஆண்டுகள் இருந்தது. 2018-இல் வந்த இக்குவினாக்ஸ் வரிசை, நடுத்தர விலைக்கே பல அலைவரிசையைக் கொண்டுவந்தது. இப்போது துருக்கியின் நோக்டா போன்றவையும் போட்டிக்கு இருக்கின்றன.

என்னிடம் யாராவது "எந்த மெஷின் வாங்கலாம் அண்ணே?" என்று கேட்டால், முதலில் நான் கேட்பது, "எங்க தேடப் போறீங்க?" என்றுதான். காய்ந்த மணலில் மட்டும் நடப்பவருக்கு ஒற்றை அலைவரிசைக் கருவியே போதும். ஈரமணலும் முழங்கால் தண்ணீரும் என்றால் பல அலைவரிசை. அது இல்லாமல் போவது வீண். இடுப்பளவுக்கு மேல், குப்பை குறைந்த கரை, தோண்டுவதற்கு அலுக்காத உடம்பு என்றால் துடிப்பு முறை. தட்டு மட்டும் தண்ணீர் தாங்கும் கருவி வேறு, திரையும் பெட்டியும் தாங்கும் கருவி வேறு. கடைக்காரர் 'வாட்டர்புரூஃப்' என்றால் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். புளூடூத் தண்ணீருக்குள் வேலை செய்யாது, கம்பி வைத்த காதுக்குழல்தான் வேண்டும். ஓட்டை போட்ட, நீளக் கைப்பிடியுள்ள எவர்சில்வர் வாளிக்கரண்டி இல்லாமல் அலையில் எதையும் எடுக்க முடியாது. பத்து விநாடியில் குழி மூடிவிடும். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி கத்தினால் அதன் வாயை மூடாதீர்கள். முதலில் ஒலி உணர்திறனைக் குறைத்து, தட்டை மெதுவாக, ஒரே உயரத்தில், கரைக்கு இணையாக நகர்த்திப் பாருங்கள்.

கருவியைவிடக் கடலைத் தெரிந்துகொள்வது முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் அதிகம் வற்றும். கிழக்குக் கரையில் பருவமழை மணலை அள்ளிக்கொண்டு போன பிறகு, பல ஆண்டு ஆழத்தில் கிடந்தவை மேலே வரும்.

யாருடைய பொருள்

2019-இல் சொந்தமாகப் பல அலைவரிசைக் கருவி ஒன்று வாங்கினேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மாமா தவறியிருந்தார். சங்கிலி போனதிலிருந்து அத்தை மஞ்சள் கயிறுதான் கட்டியிருந்தார். கருமகாரியத்தன்று அதைக் கழற்றினார்கள். "கழட்டுறதுக்குக்கூட அவர் வாங்குனது இல்லாம போச்சே" என்று அத்தை சொன்னது சமையலறைவரை கேட்டது.

தெலுக் கெமாங்குக்கு மறுபடியும் போனேன். ஈரமணலில் கருவி அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது உண்மை. ஐந்து ஆண்டில் மணல் எத்தனை முறை புரண்டிருக்கும்! அன்று கிடைத்தது ஒரு வெள்ளி மெட்டி. யாருடையது என்று தெரியவில்லை. இன்னொரு வீட்டின் சமையலறையிலும் யாரோ புலம்பியிருப்பார்கள்.

நண்பர்கள் சிலர் கோத்தா பாருவுக்குக் கூப்பிட்டார்கள். "சபாக்ல தோட்டா, பெல்ட் கொக்கி, பேட்ஜ் எல்லாம் கிடைக்குமாம், நல்ல வெலை போகும்" என்றார்கள். நான் போகவில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, மரபு மதிப்புள்ள பொருளைக் கண்டெடுப்பவர் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். கண்டவர் வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் கதை. வெடிக்காத குண்டாக இருந்தால் தொடாமல் காவல்துறையை அழைக்க வேண்டும். என் காரணம் இவற்றைவிடச் சின்னது. ஒரு டோக்ரா சிப்பாயின் பித்தளைக் கொக்கிக்காகவும் ஏதோ ஒரு மலையடிவாரக் கிராமத்தில் யாரோ காத்திருந்திருப்பார்கள். அவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. நான் எடுத்து, கழுவி, படம் பிடித்து விற்றால் இனி ஒருபோதும் சேராது. எங்கே, எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பது அழிந்துவிட்டால், அந்தக் கொக்கி வெறும் பித்தளை. கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதை நாம்தான் ஒதுக்கவோ கேட்கவோ வேண்டும்.

அந்தச் சதுரக் காசை அத்தையிடமே கொடுத்துவிட்டேன். சாமி மேடையில் மாமா படத்துக்குக் கீழே இருக்கிறது. அத்தைக்கு இப்போது எழுபத்தாறு வயது. நாட்காட்டியில் அமாவாசையையும் பௌர்ணமியையும் வட்டமிட்டு வைத்திருக்கிறார். விரதத்துக்காக என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். முந்தின நாள் மாலை எனக்குப் போன் வரும்.

"தம்பி, நாளைக்குத் தண்ணி வத்துமா?"

"வத்தும் அத்தே. காலையில ஆறு மணிக்குப் போறேன்."